டொலர் ஒன்று

கோட்டமுனை அலுவலகத்தின் மேல்மாடிக்கு
நான் வந்தபோது அங்கே இருந்தவை:
மட்டம், மட்டம் புதியது, மட்டம் கடைசி,
மட்டம் கடைசி இரண்டு,
பிறகு யாரோ களைத்துப்போய் வைத்த
மட்டம் இதுதான்.
முகத்துவாரத்தில் வாவி எந்த நாள் எவ்வளவு ஏறியது என்று
ஒரு பெயரும் வாய் திறக்கவில்லை.

ஆறு வரியில் ஸ்கிரிப்ட் எழுதினேன்.
முதலில் நாளை முன்னுக்கு வைத்தேன், பேசும் வழக்கப்படி.
ஒரு வருசம் போக
எல்லா மாதத்து முதலாந் திகதிகளும்
ஒரே பாயில் குந்தியிருந்தன,
தை ஒன்றும் கார்த்திகை ஒன்றும் தோள் இடிக்க.
ஆண்டை முன்னே தள்ளி, மாதத்தை நடுவில் இருத்தி
நாளைக் கடைசியில் விட்டேன்.
ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் ஒரு பூச்சியம்;
அது இல்லாவிட்டால் பத்து வந்து இரண்டை முந்தும்.

மாலை ஐந்துக்கு நேசதுரை போன் எடுப்பான்:
"தசம் எட்டு இரண்டு, மிஸ்."
நான் இலக்கத்தை மட்டும் தட்டுவேன்.
திகதியை மெசின் தன் மணிக்கூட்டில் பார்த்துக்கொள்ளும்.
அந்தச் சுகத்துக்குள்தான் பிழை படுத்திருந்தது.

மார்கழியில் நாலு நாள் மழை.
கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை.
ஆற்றுவாயை வெட்டு என்று வயற்காரர்,
பொறு என்று தோணிக்காரர்,
இரண்டு பக்கமும் கேட்டது மட்டம் எவ்வளவு என்று.

மறுகா வெளிச்சம் வந்தது.
முழங்கால்வரை சேறோடு வந்த நேசதுரை
தினக்கலண்டரில் கிழித்த தாள்களை மேசையில் பரப்பினான்.
பின்பக்கம் நீல மையில் மட்டம்.
முன்பக்கம் பெரிய சிவப்பு இலக்கம், ராகுகாலம்,
அடியில் நகைக்கடையின் தொலைபேசி எண்.

ஒன்பதைத் தட்டினேன். பத்தைத் தட்டினேன். பன்னிரண்டையும்.
ஸ்கிரிப்ட் மூன்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டியது: இன்று.
ஒன்பதைப் பத்து விழுங்க, பத்தைப் பன்னிரண்டு விழுங்க,
ஒரு ஏப்பச் சத்தமும் இல்லை.
மிஞ்சிய ஒற்றைக் கோப்பும் பொய்த் திகதியோடு.
நல்லகாலம், தாள்கள் ஈரமாய் அங்கேயே கிடந்தன.

"திகதியை வெளியிலிருந்து வாங்க வேணும்,
டொலர் ஒன்றில்" என்றேன்.
டொலர் என்றதும் காசாளர் கிருபைராசா
கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார்:
"எங்கால எடுக்கப்போறீங்க?"
காசில்லை ஐயா.
கட்டளைக்குப் பின்னால் ஓர் இடம் விட்டு
நாம் தட்டும் முதற் சொல்லின் பெயர் அது.
தந்தால் தந்த நாள்.
தராவிட்டால் இன்று.
இருக்கிற கோப்பின் மேல் எழுத வந்தால்
நில், கேள்.

மறுபடி தொடங்கினேன்,
தாளின் முன்பக்கம் பெயராக, பின்பக்கம் உள்ளே.
பதினொன்றைக் காணவில்லை.
நேசதுரை சட்டைப்பையில் இருந்து
நாலாய் மடித்ததை எடுத்து விரித்தான்.
பின்பக்கம் வெள்ளை.
"அண்டைக்கு நாவலடிக்குள்ள தண்ணி, மிஸ்.
பிள்ளையளத் தூக்கித் தூக்கி ஏத்தினதுதான்,
கம்பத்தடிக்குப் போகல்ல.
பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில
ஒரு அளவு போட்டுவிடட்டா?"

பதினொன்றைத் தட்டினேன், இலக்கம் இல்லாமல்.
கோப்பு பிறந்தது. பெயர் முழுசாக.
அளவு: பூச்சியம்.

தை மாதக் கணக்காய்வுக்கு முதல்நாள்
ஏறாவூர் ஷிபானா பட்டியலை உருட்டிக்கொண்டே கேட்டாள்:
"இதில ஒண்டும் இல்ல மிஸ், அழிக்கட்டா?"

கிடக்கட்டும்.
அடுத்ததைத் திற.