நாற்பத்தோரு அடி

வாங்கியபோது ஐம்பது.
பச்சைக் குழாய், உள்ளே நூல் பின்னல்.
மோல்மீன் பஸ் நிலையத்துப் பின்கொட்டகையில்
இரவுக்கு ஏழு வண்டி கழுவுகிறது.

கசிவை நான் கையால்தான் தேடுவேன்.
கரண்ட் வந்து மோட்டார் உறுமியதும்
குழாய் வாயை மடித்துக் காலால் மிதித்துக்கொண்டு
எட்டியமட்டும் தடவுவேன்.
காய்ந்த ரப்பரில் ஒரு குளிர்ந்த இடம்,
உள்ளங்கையில் கொசு குத்தினாற்போல:
அதுதான்.

ஊசித்துளைக்கு சைக்கிள் ட்யூப்.
வாராகக் கிழித்து, இழுத்து இழுத்து
ஒன்பது சுற்று.
கடைசிச் சுற்றுக்கடியில் நுனியைச் செருகினால்
ஒரு மழைக்காலம் தாங்கும்.

வெடிப்புக்கு ட்யூப் போதாது. வெட்டத்தான் வேண்டும்,
இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல்.
முனைகளை டீக்கடை வெந்நீரில் முக்கி
இளகும்போதே பித்தளைத் துண்டைத் திணித்து
கிளிப்பைத் திருகவேண்டும்.
திருப்புளி வழுக்கி
கட்டைவிரல் நகம் போனது போன வருஷம்.

வெட்ட வெட்டக் குழாய் குறையும்.
எலி கொறித்தது ஒன்று.
தாட்டோன் வண்டி ஏறி நசுக்கியது ஒன்று, பெரியது,
அதில் மட்டும் மூன்று அடி போச்சு.
எப்போதும் ஒரே இடத்தில் மடிகிற மடிப்பு
தானாகவே விண்டது.
அதற்கு யாரைத் திட்ட?

டோ கின் ஞோவிடம் புதுக்குழாய் கேட்டேன்.
"தண்ணி வருதா?"
வருது.
"அப்புறம்?"
சட்டி ஓட்டையானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி,
இதை பர்மியில் எப்படிச் சொல்வார்களோ,
அவள் சொல்லாமலே சொன்னாள்.

குழாயடியிலிருந்து வண்டி மூக்குக்கு ஐந்து அடி.
ரங்கூன் வண்டி முப்பத்தொன்பது.
மூலை திரும்ப ஒன்று.
கொட்டகைக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்த இடமில்லை.
முனையை அழுத்திப் பீய்ச்சினாலும்
தண்ணீர் நேராகத்தான் போகும், மூலை திரும்பாது.
ஏழு ஒட்டு தாண்டி வருவதற்கு வேகமும் இல்லை.
வாளியால் வீசினால் பாதி என் லுங்கிக்கு,
மீதி பம்பருக்கு.
இரண்டு மாதமாகப்
பின்கண்ணாடி செம்புழுதியோடே போகிறது, வருகிறது.

போன செவ்வாய் அதில் யாரோ
வட்ட வட்ட பர்மிய எழுத்தில்
விரலால் எழுதியிருந்தார்கள்:
கழுவுகிறவர் தூங்குகிறாரா?
நை துன் உரக்கப் படித்தான். படித்துவிட்டு
தேய்ப்புக் கட்டையை ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு பர்மிய எழுத்து
கைக்கு வரவில்லை.
வாளியைக் கவிழ்த்து ஏறி நின்று
அதற்கடியில் தமிழில் எழுதினேன்:
குழாய் எட்டவில்லை.
யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

மூன்றாம் நாள் வண்டி வந்தது.
முன்பக்கம் கழுவி, சக்கரம் கழுவி,
வயிற்றுப் பெட்டிக் கதவில் யாரோ
வாந்தி எடுத்ததைக் கழுவி
பின்னால் போனால்,
என் எழுத்துக்குக் கீழே வேறொரு கை,
சாய்ந்த தமிழ்:
எத்தன அடி?

டிரைவரைக் கேட்டேன். தெரியாது என்றான்.
ரங்கூனில் வண்டி எங்கே நிற்கும் என்றேன்.
எங்கெங்கேயோ நிற்கும் என்றான்.

குழாயைத் தரையில் நீட்டிப்போட்டு
பாதம் பாதமாக வைத்து
இருமுறை அளந்தேன்.
சாயங்காலம் புறப்படுமுன் எழுதினேன்:
நாலு.

அன்றிரவே கரண்ட் வந்த கையோடு
ஐந்தாம் ஒட்டுக்குப் பக்கத்தில்
ஒரு வெடிப்பு, அரை விரல் நீளம்,
விசிறியாகத் தெளித்தது.
நை துன் கத்தியை நீட்டினான்.
வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
வெட்டினால் நாலு பொய்யாகிவிடும்.
வண்டி இந்நேரம் பெகு தாண்டியிருக்கும்.

சைக்கிள் ட்யூபை எடுத்தேன்.
பற்களால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு
சுற்றினேன்.
ஒன்பதில் நிற்கவில்லை. பதினான்கு.
இன்னும் கொஞ்சம் கசிகிறது.
கசியட்டும்.