ஏழாவது கோடு

இந்த ஆட்டமே நடந்திருக்கத் தேவையில்லை.
அது எனக்கு மட்டும் தெரியும்,
நேற்றிரவு பத்தரையில் இருந்து.

மூன்றாம் கிழமை, சாகாமத்தாரோடு ஆடிய அன்று
தாண்டியடிப் பிள்ளைகள் ஓடி முடித்தது ஏழு.
பெயர்களுக்கு நேரே ஏழு சரி கிடக்கிறது,
என் கையால் போட்டதுதான்.
கூட்டும் கட்டத்திலோ
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
பக்கத்தில் தனியே ஒன்று.
லீசிங்காரன் போன் எடுத்த நேரமாயிருக்கும்.
ஆறுக்கு ஆறு, சமநிலை என்று வாசித்தேன்.
கைதட்டினார்கள்.

அதில் போன ஒரு புள்ளியால்
விநாயகபுரம் கடலரசி வந்து தாண்டியடியைத் தொட்டது.
பட்டியலின் தலையில் இரண்டு பெயர்,
பிரதேசத்துக்குக் கிண்ணம் ஒன்று.
ஆகவே இந்த ஞாயிறு
திருக்கோவில் கடற்கரையில்
இன்னுமொரு எல்லே.

சொல்லியிருக்கலாம்.
ஆனால் கூடாரம் வந்து இறங்கிவிட்டது,
எண்பது சோற்றுப் பார்சலுக்குச் சொல்லியாயிற்று,
எனக்கு இன்னும் நிரந்தர நியமனம் வரவில்லை.
இதை இந்த ஒழுங்கில் எழுதுவது பொய்.
கடைசியில் உள்ளதுதான் முதலில் வந்தது.

கடலரசி ஐந்து.
தாண்டியடி நாலு, மிச்சம் ஒரே ஒருத்தி.
சுகிர்தமலர்.
நிலக்கடலைத் தோட்டத்தில் நேற்று முழுக்கக் குனிந்த இடுப்பு.
மூங்கில் தடியை நிலத்தில் இருதரம் குத்தி
ஒட்டிய மணலை உதிர்த்தாள்.

முதல் பந்தில் காற்றைத்தான் அடித்தாள்.
இரண்டாவது எல்லைக்கு வெளியே,
ஐஸ்பழக்காரனின் பெட்டியில்.
மூன்றாவதின் சத்தம் கேட்டபோதே
நான் எழும்பி நின்றுவிட்டேன்.
எண்ணுகிறவள் எழும்பக்கூடாது.

பந்து சவுக்குத் தோப்புக்குள்.
முதல் தரிப்பு, இரண்டாவது தரிப்பு,
மூன்றாவதில் நிற்கச் சொல்லிக் கத்துகிறார்கள்,
அவள் நிற்கவில்லை.
நின்று என்ன, பின்னால் அடிக்க ஆளில்லை.
தப்பு, தப்பு என்று வாய்க்குள் சொன்னேன்
தாண்டியடிக்காக அல்ல.
அவள் கோட்டைத் தொட்டால்
என் கணக்குக்கு இன்னுமொரு வாய்ப்பு.
என்னையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள் என்று
அவளுக்கு எப்படித் தெரியும்?

சவுக்குக்குள் இருந்து குலநாயகி.
மீன்வாடியில் ஐஸ்பெட்டி தூக்குகிற கை.
எழுபது யார் இருக்கும்,
நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எறிந்த மாதிரி இருந்தது.
கோட்டுக்கு இரண்டு எட்டு இருக்க
தோள்மூட்டில்
ஈரப் பந்து விழுந்த சத்தம்
என் மேசைக்குக் கேட்டது.

கோணாமலை சேர் கையை உயர்த்தினார்.
ஐந்துக்கு நாலு. ஒன்றால்
என்று ஒலிவாங்கியில் சொன்னேன்.
அந்த ஒன்று மட்டும் கரகரத்தது.

நல்ல எறி அது.
நான் ஒழுங்காகக் கூட்டியிருந்தால்
இந்த ஊர் இப்படியோர் எறியைப் பார்த்திருக்காது.
இதையே சாட்டாக வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன்.
இரண்டு நிமிடம் தாங்கியது.

பார்சல் எடுக்க வந்தாள் சுகிர்தமலர்.
“என்னகா, ஒண்டால போச்சே.”
சட்டைக் கழுத்தை விலக்கித் தோளைக் காட்டினாள்.
வட்டமாய்ச் சிவந்திருந்தது,
பந்தின் தையல்கூடத் தெரிந்தது.
“சீல் குத்தி விட்டிருக்காள் எருமை” என்று சிரித்தாள்.
பிறகு கேட்டாள்,
“மீனா, முட்டையா?”
மீன் என்றேன்.

புத்தகம் மேசையில் விரிந்தே கிடந்தது,
மூன்றாம் கிழமைப் பக்கத்தில்.
காற்று புரட்டாமல் இருக்கக் காலையிலேயே
ஒரு கல் வைத்திருந்தேன்.
பார்சலுக்கு நீட்டிய அவள் கை
அதற்கு மேலால் போய் வந்தது.
நான் கல்லை எடுக்கவில்லை.
புத்தகத்தை அவள் பக்கம் திருப்பவும் இல்லை.

கடலரசிகள் கிண்ணத்தில் சோடா ஊற்றிக் குடிக்கிறார்கள்.
தாண்டியடி டிராக்டர் இன்னும் புறப்படவில்லை.
பெட்டி மூடும் சத்தம் கேட்கிறது,
யாரையோ எண்ணுகிறார்கள், ஒராள் குறைகிறதாம்.