இருபது கவடு தள்ளி

ஒட்டுசுட்டானுக்கு மேற்கே, வற்றிய குளத்தின் அலைகரையில்
சதாகரன் பெல்ட்டைக் கழற்றுகிறான்.
மணிக்கூடு, திறப்புக் கோர்வை,
காற்சட்டைப் பைக்குள் மறந்துபோன ஓர் ஆணி,
எல்லாம் மோட்டார் சைக்கிள் சீற்றில்.
என்னிடம் கழற்ற முடியாத ஒன்று உண்டு,
வலது முழங்காலுக்குள், பயறளவு.
ஆகையால் நான் இருபது கவடு தள்ளி
பாலை நிழலில், கொப்பியோடு.

"மட்டமாய்க் கிடக்குது" என்று கத்துகிறான்.
ஊசியைச் சொல்கிறான்.
வடக்கே போகப் போக
நிலத்தைக் குத்தப் பார்க்கும் ஊசி
வன்னியில் அவ்வளவாய்த் தலை சாய்ப்பதில்லை.

அதை இழுத்து வைத்திருப்பது காந்தக்கல் அல்ல.
அந்த ஆழத்துச் சூட்டில் எந்த இரும்பும்
தான் காந்தமாயிருந்ததை மறந்துவிடும்.
மூவாயிரம் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறையக் கீழே
உருகிய இரும்பு
உலை அரிசி மாதிரி ஏறி இறங்குகிறது,
பூமி சுழலுவதால் முறுகிக்கொண்டு.
நட்டநடுவில் கொஞ்சம் கொஞ்சமாய் உறைகிறது.
உறைவது விட்ட சூடும்
உறையாததை ஓட்டுகிறது.

கரண்ட் இல்லாத வருசங்களில்
தலைகீழாய் நிறுத்திய சைக்கிளின் பெடலைக்
கையால் சுற்றியிருக்கிறேன், செய்தி முடியும்வரை.
கை சோர்ந்தால் வாசிப்பவரின் குரலும் சோரும்.
பிறகொருநாள் அந்த டைனமோவை உடைத்தேன்:
உள்ளே ஒரு காந்தம்
சும்மா இருந்தது.

கீழே அதுகூட இல்லை.
புலத்தினூடே இரும்பு ஓட, மின்னோட்டம்;
மின்னோட்டத்தால் மறுபடி அந்தப் புலம்.
அப்படியென்றால் முதல் துளி எங்கிருந்து வந்தது?
"பாலுக்கு ஆரோ உறைமோர் விட்டிருப்பினம்,
ஒரு சொட்டுக் காணும்தானே" என்றான் சதாகரன்,
திருகாணியிலிருந்து கண்ணெடுக்காமல்.

செவ்வாயில் கை எப்போதோ ஓய்ந்துவிட்டது.
பழைய பாறைகளில் மட்டும்
ஒலிபரப்பு முடிந்த பிறகான இரைச்சல்.
இங்கே ஓட்டம் இன்றைக்கே நின்றாலும்
புலம் கரைய
ஆயிரமாயிரம் வருசமாகும்.

அளவெடுத்து முடிந்தது.
"வந்து பாருமன்."
போய், முழங்காலை மடித்துக் குந்தினேன்.
ஊசி நடுங்கியது.
பிறகு மெல்ல, மயிரிழையளவு,
என் காலைப் பார்த்தது.

இருவரும் சிரித்தோம்.
எழும்பி, எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தேன்.
பதினேழு, பதினெட்டு.
"இப்ப சரி" என்றான்.
மிச்சம் இரண்டு கவட்டையும் வைக்காமல்
நின்ற இடத்திலேயே
கொப்பியில் நேரத்தை எழுதினேன்:
நாலேகால்.