பதினான்கு நொடி

ஆற்காடு ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
இங்கிருந்துதான் மாலத்தீவில் படகு விடுகிறேன்.
எட்டுப் பேர், பதினோரு இரவு, பலகைக்குத் தனிக் கட்டணம்.
பெர்த்திலிருந்து டக்ளஸ் கேட்பதும்
எல்லோரும் கேட்பதுதான்:
ஆளில்லாத அலை.

‘தென்மேற்கு. ஆறடி. பதினான்கு நொடிக்கு ஒன்று.
உங்களைத் தவிர யாருமில்லை.’
அனுப்பிவிட்டு டீக்கு இறங்கினால்
படிக்கட்டில் ஸ்கேன் உறையோடு ஒரு வங்காளக் குடும்பம்
ஒடுங்கி வழிவிடுகிறது.

கடலை நான் பார்த்தது ஒரே முறை, மெரினாவில்,
முதுகுகளுக்கு நடுவே.

சீசன் முடிந்த கார்த்திகையில் பாலாறு வந்தது.
ஊரே பாலத்தின்மேல். காட்பாடி ஷேர் ஆட்டோவிலிருந்து
நானும் குதித்தேன்.
மூன்றாம் தூணுக்குக் கீழே ஓர் அலை
எழுந்து, எழுந்தபடியே நின்றது.
தண்ணீர் போகிறது. அலை போகவில்லை.
பழக்கதோஷம், நொடி எண்ணினேன்.
பதினான்கு. நாற்பது. நூறு.
ஒரு வேப்பங்கிளை, ஒரு நீல ட்ரம், யாருடைய ஒற்றைச் செருப்போ
அதன்மேல் ஏறி இறங்கிப் போயின.

‘யோவ், தள்ளாதய்யா’ என்றது பின்னால் ஒரு குரல்.

டக்ளஸுக்கு என்னவென்று எழுத?
உயரம்: இடுப்பளவு. திசை: கிழக்கு.
கூட்டம்: வேலூர் முழுக்க.
அலைமேல்: ஒருவருமில்லை.