நாலாயிரத்து நூற்றிருபது ஓம்

ஒரு கிராம் கறுப்புத்தூள்,
இருநூறு கிராம் பிசின்.
முகமூடியை இறுக்கிக்கொண்டு கலக்கினேன்.
தும்மினால் ஆறு மாத நிதி
அறிவியல்நகர்க் காற்றோடு போய்விடும்.

கரிதான், வெறும் கரி.
தேன்கூட்டு வலையைப் பாய்போலச் சுருட்டினால்
வரும் குழல்.
தலைமயிர் ஒன்றைப் பத்தாயிரமாய்க் கிழித்தால்
அதில் ஒரு கீற்றின் தடிப்பு.
மண்ணெண்ணெய் துளியாய் அளந்த நாட்களில்
ஜாம் போத்தல் விளக்கு
எங்கள் மூக்குக்குள் பூசிவைத்ததற்கு
இது தூரத்துச் சொந்தம்.

சிலாவத்தையில், தகரக் கொட்டகைக்குள்,
கலிஸ்ரஸ் அச்சில் கண்ணாடிநார்ப் பாய் விரித்து
பிசின் உருட்டிக்கொண்டிருந்தான்.
கடைசிப் பாய் போடுமுன்
ஏராவை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு
என் கறுப்பைத் தீட்டினேன்.
முனைகளில் வெள்ளிப்பசை, இரண்டு செப்புக்கம்பி.
"கண்ணூறு கழிக்கிறீங்களோ மிஸ்?"

மடுத் திருவிழாச் சனம்மாதிரி, என்றேன்.
குழல்கள் தோளோடு தோள் முட்டி நிற்கும்,
மின் கைமாறிக் கைமாறிப் போகும்.
படகு வளைந்தால் தோள்கள் விலகும்,
சில கைகள் எட்டாது.
தடை கூடும்.

"தடையோ?" சிரித்தான்.
"அதுக்குள்ள பிறந்தவன் நான்.
பற்றரிக்குத் தடை, சீமெந்துக்குத் தடை,
சவர்க்காரத்துக்கும் தடை."
"இது வேற தடை. அளக்கலாம்."
"எதில?"
"ஓமில."
"ஓமிலயோ?"
"ஓம்."

இழுபட்டு நீளுவதற்கு
எங்கள் பாடநூல் வைத்த பெயர் விகாரம்.
அதைச் செய்யும் அழுத்தத்துக்குத் தகைப்பு.
பரீட்சைக்குப் பாடமாக்கிய வயதில்
இரண்டும் வேறு யாரையோ பற்றியவை
என்று நினைத்திருந்தேன்.

கரையில் கிடந்தபோது
நாலாயிரத்து நூற்றிருபது.
பிறகு பன்னிரண்டு நாள் கடல்.

சோற்றுப்பெட்டி அளவுக் கருவி
உப்புப் பூத்துத் திரும்பி வந்தது.
திரையில் ஒவ்வோர் அலைக்கும் ஒரு முள்,
ஏறி, இறங்கி,
ஏறி, இறங்கி.
ஒன்பதாம் இரவு மூன்று பதினேழுக்கு
ஏறியது இறங்கவில்லை.
நாலாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறில்
விடிந்திருக்கிறது.

"அண்டைக்கு என்ன நடந்தது?"
"ஒண்டுமில்லை மிஸ். கடல் சும்மா கிடந்தது."

என் திரையில் இத்தனை ஓம்.
அவன் வாயில் ஓர் இல்லை.

அடியில் கீறல் கிடையாது, வண்ணம்கூட உரியவில்லை.
ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டிக்கொண்டே போனேன்.
கறுப்புக்கு ஒரு முழம் தள்ளி
ஒலி செத்திருந்தது.
அவனே கிரைண்டரைப் பிடித்தான்.
தூசி அடங்க,
மூன்றாம் பாயில்
நரைமயிர்போல ஒரு வெடிப்பு.

கிரைண்டர் நின்றபிறகும்
பிடியை விடாமல் இருந்தான்.

"இழுவைப்படகு. லைட் இல்லை.
நாயாற்றுக்கு நேர.
தேய்ச்சுக்கொண்டு போச்சு."

"ஏன் சொல்லேல்ல?"

"சொன்னாப் பொலிசுக்குப் போகோணும்.
போனா அவன்ர இலக்கம் கேப்பினம்.
அது என்னட்ட இல்லை.
பிறகு என்ர இலக்கம் கேப்பினம்.
அது இருக்கு."

வெட்டியெடுத்து, புதுப் பாய் போட்டு
மூன்று நாள் காயவிட்டோம்.
மீற்றரை இருவரும் குனிந்து பார்த்தோம்.
நாலாயிரத்து இருநூற்று அறுபத்திரண்டு.

"பழைய இலக்கத்துக்கு வராதோ?"
"வராது."
"அப்ப பழுதோ?"
"இல்லை. இனி இதிலயிருந்து எண்ணவேணும்."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
பதிவிலக்கத்துக்குக் கீழே
4262 என்று எழுதினான்,
அலை எட்டாத உயரத்தில்.
பிறகு எச்சில் தொட்டு
கடைசி இரண்டை மட்டும்
இன்னொருதரம் அழுத்தினான்.