பயண நேரம் நீங்கலாக

அடிவாரம் தாண்டியதும் புத்தகத்தை மூடிவிடுவேன்.
வளைவில் எழுத்தைப் பார்த்தால் குமட்டும்.
அதனால் பிரிவுகளை மலையிலேயே குத்தி வைத்திருக்கிறேன்,
கொண்டை ஊசிக்கு ஒன்று.
மூன்றாம் வளைவு, முப்பத்தைந்து: பிடியாணை இல்லாமல் கைது.
ஏழு, நாற்பத்தெட்டு: உறவினருக்குச் சொல்.
ஒன்பதில் குரங்குகள் உட்காரும் சுவர்,
நூற்று எழுபத்து மூன்று, முதல் தகவல்.
அதன் பழைய எண் நூற்று ஐம்பத்து நான்கு
பதினாறு வருடம் என் கையில் ஊறியது.
பேனா இன்னும் அங்கேதான் போகிறது,
வீடு மாறியவள் பழைய தெருவில் திரும்புவதுபோல.

புதுச் சட்டத்தின் பெயரைச் சொல்ல
நாக்குக்குத் தனிக் கவாத்து வேண்டும்.
ஸ்டேஷனில் "புதுசு" என்போம்.
"புதுசுல என்ன நம்பர், ஏட்டம்மா?"
ரைட்டர் நான். என்னைத்தான் கேட்பார்கள்.
எஸ்.ஐ. தேர்வு ஞாயிற்றுக்கிழமை.

பதினான்காம் வளைவு எனக்குப் பிடித்தது.
ஐம்பத்தெட்டு.
இருபத்து நான்கு மணி நேரம்,
பயண நேரம் நீங்கலாக.
எங்கோ உட்கார்ந்து எழுதியவருக்கு
இந்த ரோடு தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்:
பனி இறங்கினால், சில்வர் ஓக் ஒன்று சாய்ந்தால்,
சுற்றுலா வேன் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றால்
நீதிமன்றத்துக்கும் நமக்கும் நடுவே ஒரு மலை இருக்கிறது.

செவ்வாய் காலை சடையனை எழுதச் சொன்னார்கள்.
செம்மநத்தத்துக்காரர். எஸ்டேட் மிளகு, இரண்டு மூட்டை.
கம்பளியோடு என் மேசைக்கு எதிரே நின்றார்.
"எப்பப் பிடிச்சாங்க?"
கடிகாரம் இல்லாதவர்.
"பழம் எடை போட்டுக்கிட்டு இருந்தாங்க, தாயி.
என் சாக்கு இன்னும் தராசு ஏறல."

காபிப்பழ எடை மாலை ஐந்தரைக்கு.
இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.
"ஒன்பது மணி போடு" என்றார் இன்ஸ்பெக்டர்,
"இன்னிக்கு, காலைல."
கெட்டவர் இல்லை. படிக்க லீவு கேட்டால் கொடுப்பவர்.
இன்னொரு மூட்டை எங்கே என்று
ராத்திரி முழுக்கக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அதே ராத்திரி நான் மாதிரி வினாத்தாளில்
பன்னிரண்டாம் கேள்வியில் இருந்தேன்.
நேரம் எதிலிருந்து கணக்கிடப்படும்?
அ. பதிவேட்டில் எழுதியதிலிருந்து.
ஆ. நடமாட்டம் தடுக்கப்பட்டதிலிருந்து.
ஆ-வுக்கு வட்டம் போட்டேன்.
பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், சரி, ஒரு மதிப்பெண்.
சந்தோஷமாக எழுந்து தோசை ஊற்றப் போனேன்.

படிவத்தில் நேரத்துக்கு விட்ட கட்டம் நகத்தளவு.
திங்கள், 17.30 என்று எழுதினேன்.
நிமிரவில்லை.
வீரமெல்லாம் ஒன்றுமில்லை,
மை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இன்ஸ்பெக்டர் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.
"அப்ப நேரமாச்சு, வண்டிய எடு" என்றார்
டிரைவரிடம்.

இறங்கும்போது என் பாடம் தலைகீழாக வந்தது.
பதினான்கில் சடையனுக்கு வாந்தி.
நிறுத்தினோம். வாய் கொப்புளிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.
இதுவும் பயண நேரம்தான் என்று மனது கணக்குப் போட்டது,
கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது,
எனக்குள் ஒருத்தி ஏற்கெனவே இரண்டு நட்சத்திரம் குத்திக்கொண்டாள்.

ஏழில் அவர் கேட்டார்:
"எங்க வூட்டுல சொல்லிட்டீங்களா, தாயி?
ராத்திரி தேடியிருப்பா."

ஃபைலைப் பிரித்தேன்.
'உறவினருக்குத் தெரிவிக்கப்பட்டது.'
என் கையெழுத்து, அழகான கையெழுத்து.
பதினாறு வருடமாக அந்த வரியை
முதலில் எழுதிவிடுவேன், கை தானாகப் போகும்.
எழுதிய பிறகு யாரும் யாருக்கும் தெரிவித்ததில்லை.

நம்பர் கேட்டேன். ஊர்க் கடைக்காரருடையது,
மனப்பாடமாகச் சொன்னார், ஒரு எண்கூடத் தடுமாறாமல்.
ஏழில் சிக்னல் இல்லை. ஆறிலும் இல்லை.
போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தேன்.
ஐந்தாம் வளைவில் மணி அடித்தது.

ஐந்துக்கு நான் இன்னும்
எந்தப் பிரிவையும் குத்தி வைக்கவில்லை.