பதினாறாம் வாய்ப்பாடு

நிமிடத்துக்கு நாற்பது வெள்ளி.
பெயர் சொல்லி அழைக்க இருபது கூட.
முகம் கிடையாது, எந்த விலைக்கும்.
முழங்கை வரை என் கைகள்,
கைகளின் மேல் மஞ்சள் ரப்பர்.
சரக்கு இவ்வளவுதான்.

பகாவ் ஊரில் டயர் கடைக்கு மேலே
ஓர் அறை, ஒரு மேசை விளக்கு,
வாளி நிறைய நுரை.
ஒன்பது வருடம் கையுறை ஆலையில்
ஓட்டை இருக்கிறதா என்று
காற்றடைத்துப் பார்த்தவள் நான்.
ஆலை ஆளைக் குறைத்தபோது
கையில் மிஞ்சியது கை.

குளிர்நாட்டுக்காரர் ஒருவர் எழுதுவார்:
ஏழு தட்டு. எல்லாம் வெள்ளை.
ஏழாவதைக் கழுவாமல் வைத்துவிட்டு
இடதுகை உறையை மட்டும் கழற்ற வேண்டும்,
விரல் விரலாக, அவசரமில்லாமல்.
ஏன் என்று கேட்பதில்லை.
முதுகு இவ்வளவு இறக்கம் எதற்கென்று
தையற்காரி கேட்பாளா?

இன்னொருவருக்குத் திட்டு வேண்டும்.
உன் மொழியிலேயே திட்டு,
புரியாவிட்டால்தான் நல்லது என்றார்.
அவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்,
வசை வருவதற்கு?
பல்லைக் கடித்துக்கொண்டு
பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன்.
அது முடிந்ததும் கடைச் சாமான்:
புளி, ரெண்டு கிலோ மாவு, நெத்திலி, கேஸ் தோங்.
மறுவாரம் அதே ஆர்டர்.
ஆறாம் நிமிடத்தில் வருகிற
அந்தக் கொடூரமான சொல் மறுபடி வேண்டுமாம்.
ஓட்டிப் பார்த்தேன்.
நெத்திலி.

போன செவ்வாய் ஒன்று தமிழில் வந்தது.
"கடைசி வீடியோவில் ஒன்பதாம் நிமிடம்
பின்னால் செம்பனை ஆலைச் சங்கு கேட்கிறது.
ரெண்டு குட்டை, ஒரு நீட்டு.
அப்படி ஊதுகிற ஆலை ஒன்றுதான்.
வேறு எவன் காதிலும் விழுவதற்குள் எடுத்துவிடுங்கள்.
பிடித்தால் ஜெயில், உங்களுக்கே தெரியும்."

எடுத்துவிட்டேன்.
பிறகு மூன்று நாள்
ஊரின் காதுகளைப் பார்த்தபடி நடந்தேன்.
தபால்காரர் காது.
ரொட்டி வீசுகிறவரின் மாவு படிந்த காது.
கோயில் கமிட்டிப் பொருளாளரின்
முடி முளைத்த இரண்டு காதுகள்.
கீழே டயர் கடைப் பையன்
காதில் பென்சில் செருகியிருந்தான்.
எல்லாமே கேட்கிற காதுகள்.

நாலாம் நாள் பணம் வந்தது,
பதினொரு நிமிடத்துக்கு, முன்கூட்டியே.
"சன்னலைச் சாத்துங்கள்.
ஃபேனையும் நிறுத்துங்கள்.
தட்டு வேண்டாம். நுரை வேண்டாம்.
மாட்டிக்கொண்டு ஏதாவது பேசுங்கள்."

ஏதாவது.
புரியாதவர் முன்னால் நான் மகாராணி,
புளியும் என் வாயில் கட்டளை.
இவனிடம் நெத்திலி என்றால்
நெத்திலி என்றே கேட்கும்.
திட்டினால் திட்டு.
நன்றி என்றால் நன்றி,
அது இன்னும் மோசம்.

சாத்திய அறையில் புழுக்கம்.
ரப்பருக்குள் வியர்வை இறங்கி
விரல் நுனியில் ஊறி நின்றது.
விரலை மடக்கினால் சின்னதாக ஒரு சத்தம்.
மூன்று நிமிடம் அதுவே ஓடியது.
பிறகு வேறு வழி தெரியாமல்,
ஒரு பதினாறு பதினாறு,
ரெண்டு பதினாறு முப்பத்திரண்டு...
பாதியில் குரல் என்னவோ செய்தது.
எதற்கென்று தெரியவில்லை.
அப்படியே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பதில்.
"எட்டுப் பதினாறு நூற்று இருபத்தெட்டு.
நீங்கள் நூற்று முப்பத்தெட்டு என்றீர்கள்.
மாற்றி எடுக்க வேண்டாம்.
தப்போடே இருக்கட்டும்."

பசார் மாலாமில் கச்சாங் பூத்தே வாங்கினேன்.
மீதி ஆறு வெள்ளியை
ஒவ்வொரு தாளாக எண்ணி வைத்தார்.
முகத்தைப் பார்க்கவில்லை,
கைகளைத்தான் பார்த்தார்.

காசு வாங்குகிற கையை
யார்தான் பார்க்க மாட்டார்கள்.